எக்ஸ் எவ்வளவு டீச்சர்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "கணக்குல எந்த இடத்துல மாட்டிக்கிறீங்க, எழுதி அனுப்புங்க"ன்னு கேட்டிருந்தோம். வந்ததைப் பிரிச்சுப் பாத்தா பெரும்பாலும் ஒரே சமாச்சாரம் தான், "ஒரு எண்ணின் மும்மடங்குடன்..."னு ஆரம்பிக்கிற கணக்கு. அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே விட்டாச்சு, பின்னம், வட்டி எல்லாம் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல வரும்.

*டீச்சர், தெரியாத எண்ணுக்கு எக்ஸ் தான் வைக்கணுமா? வேற எழுத்து வச்சா மார்க் குறைப்பாங்களா?*
*– 8ஆம் வகுப்பு மாணவன், கும்பகோணம்*

எந்த எழுத்து வேணா வைப்பா, குறைக்க மாட்டாங்க. எக்ஸ், ஒய், இசட் வைக்கிற பழக்கம் பிரான்ஸ்காரர் ரெனே டெகார்ட் 1637ல எழுதின ஜியாமெட்ரி புத்தகத்துல இருந்து பரவுனது, தெரிஞ்ச எண்ணுக்கு ஏ, பி, சி, தெரியாததுக்குக் கடைசி எழுத்துன்னு அவர் பிரிச்சுக்கிட்டார். அதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே 628ல பிரம்மகுப்தர் தெரியாத எண்களுக்கு நிறங்களோட பேரை வச்சாரு. 12ஆம் நூற்றாண்டுல பாஸ்கரர் முதல் எண்ணுக்கு யாவத்தாவத், அதாவது "எவ்வளவோ அவ்வளவு"ன்னு சொல்லி, சுருக்கமா 'யா'ன்னு எழுதினாரு, ரெண்டாவதுக்குக் கறுப்போட 'கா', மூணாவதுக்கு நீலத்தோட 'நீ'. அவங்களே இவ்வளவு சுதந்திரமா இருந்திருக்காங்க, நமக்கு என்ன பயம்.

இந்தப் பக்கத்துல நான் 'த'ன்னு வச்சுக்கறேன், தெரியாததுக்கு த. ரெண்டாவது ஒண்ணு தேவைப்பட்டா 'ந'. 'க', 'அ' எல்லாம் வேணாம், பழைய தமிழ் எண்கள்ல க ன்னா 1, அ ன்னா 8, அது தெரிஞ்ச தாத்தா யாராவது லெட்டர் போடுவாரு. பரீட்சைல மட்டும் எக்ஸே எழுதிடு, கட்டுக் கட்டா திருத்துறவங்க கண்ணுக்கு அது தான் பழக்கம்.

*பையன் 8ஆவது படிக்கிறான். 3 எக்ஸ் கூட்டல் 7 சமம் 22ன்னு குடுத்தா டக்குனு 5ன்னு சொல்லிடுறான். அதையே வாக்கியமா குடுத்தா பேனாவைக் கீழ வச்சிடுறான். "இரு எண்களின் கூடுதல் 47, பெரிய எண் சிறிய எண்ணை விட 9 அதிகம், பெரிய எண் எது?"ன்னு கேட்டா 47லருந்து 9 கழிச்சு 38ன்னு எழுதி வச்சிருக்கான். அல்ஜீப்ரா புரியலையா, இல்ல தமிழே புரியலையா?*
*– ஒரு அம்மா, திருச்சி*

ரெண்டும் புரியுதும்மா, பையன் மேல தப்பு இல்ல. அவனுக்கு யாரோ ஒரு லிஸ்ட் சொல்லிக் குடுத்திருக்காங்க, கூடுதல்னு வந்தா கூட்டு, அதிகம்னு வந்தா கூட்டு, வித்தியாசம்னா கழின்னு. அந்த லிஸ்ட் 4ஆம் வகுப்பு வரைக்கும் வண்டி ஓட்டும், அதுக்கு மேல கவுத்து விட்ரும். "ஒரு எண்ணோட 7ஐக் கூட்டினா 20"ன்னு கேட்டா வாக்கியத்துல இருக்கிறது கூட்டல், ஆனா பதிலுக்குக் கழிக்கணும். லிஸ்ட் என்ன பண்ணும்? இவன் கேள்வியில இருந்த ரெண்டு எண்ணையும் பொறுக்கி எடுத்து, கை போன போக்குல கழிச்சிட்டான்.

நான் வகுப்புல ஒரே ஒரு விஷயத்துல தான் பிடிவாதம் பிடிப்பேன். முதல் வரி எப்பவும் வாக்கியமா இருக்கணும், "த என்பது சின்ன எண்"ன்னு. சும்மா "எக்ஸ்னு வைத்துக்கொள்வோம்"னு எழுதினா பேப்பரைத் திருப்பிக் குடுத்துடுவேன், எதை வைக்கிறன்னு சொல்லாம வச்சு என்ன பிரயோஜனம். த சின்ன எண்ணுன்னு எழுதிட்டா, அடுத்த வரியில பெரிய எண் என்னன்னு கேள்வியே சொல்லிடுது, 9 அதிகம், அப்போ த + 9. ரெண்டையும் சேத்தா 47.

த + த + 9 = 47
2த = 38
த = 19

பாருங்க, உங்க பையன் எழுதின 38 இங்க வருது! அவன் பாதி தூரம் சரியா தான் போயிருக்கான், 38ங்கிறது ரெண்டு சின்ன எண் சேந்ததுன்னு அவனுக்குத் தெரியல, ஏன்னா எது என்னன்னு எழுதி வைக்கல. இன்னொரு பள்ளம் இருக்கு, 19 வந்ததும் சந்தோஷமா அடிக்கோடு போட்டு எந்திரிச்சிடுவாங்க. கேட்டது பெரிய எண், 28. முதல் வரி வாக்கியமா இருந்தா அதைத் திரும்பப் படிச்சதும் "அட, நான் சின்னதை இல்ல கண்டுபிடிச்சிருக்கேன்"னு தெரிஞ்சிடும்.

பெரிய எண்ணையே த ன்னு வைக்கலாமான்னு கேப்பான், கேக்கணும். தாராளமா வைக்கலாம், அப்போ சின்னது த − 9, கூட்டினா 2த − 9 = 47, 2த = 56, த = 28, நேரா பதிலே வந்துடுது. ரெண்டு விதமாவும் போடச் சொல்லுங்க. ரெண்டு வழியில ஒரே விடை வந்தப்புறம் தான் த ங்கிறது நாம வச்ச பேர் தான்னு ஒரு தைரியம் வரும்.

*"அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆயிடும்"னு சொல்றாங்க. ஏன் ஆகுதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. 3த − 5 = 16ல நான் 5ஐ அந்தப் பக்கம் கொண்டு போய் 3த = 21 ஆக்கினேன், அப்புறம் 3ஐக் கொண்டு போய் 21 − 3 = 18ன்னு எழுதினேன், தப்புன்னுட்டாங்க.*
*– 7ஆம் வகுப்பு மாணவி, தென்காசி*

எதுவும் எந்தப் பக்கமும் போறதே இல்லம்மா. அது பெரியவங்க அவசரத்துக்குச் சொல்ற சுருக்கம். நடக்கிறது இது தான், சமம்ங்கிறது தராசு, ரெண்டு தட்டும் சமமா நிக்குது, ஒரு தட்டுல 5 வச்சா இன்னொண்ணுலயும் 5 வச்சே ஆகணும். 3த − 5ல அந்த 5 கழிபட்டு நிக்குது, அதைச் சரிக்கட்ட ரெண்டு பக்கமும் 5 கூட்டுறோம், இடது பக்கம் −5 மறைஞ்சிடும், வலது பக்கம் 21 ஆகும். தூரத்துலருந்து பாக்கிறவங்களுக்கு 5 தாண்டிப் போய் சைன் மாத்திக்கிட்ட மாதிரி தெரியும், அவ்வளவு தான்.

இப்ப 3த ல அந்த 3 என்ன பண்ணிட்டு இருக்கு? கூட்டல்ல இல்ல, த வைப் பெருக்கிட்டு இருக்கு. பெருக்கினதை வகுத்து தான் எடுக்க முடியும், ரெண்டு பக்கமும் 3ஆல வகு, த = 7. உன் 18ஐ வச்சுப் பாரு, 18 மூணு மடங்கு 54, அதுல 5 போனா 49, 16 எங்க 49 எங்க!

இந்த ரெண்டு கோடு போட்ட சமக்குறியைக் கொண்டு வந்தவர் வேல்ஸ் நாட்டுக்காரர் ராபர்ட் ரெகார்ட், 1557ல. இணையா போற ரெண்டு கோட்டை விட சமமான பொருள் வேற என்ன இருக்குன்னு காரணமும் எழுதி வச்சாரு. நம்ம பிள்ளைங்க பல பேருக்கு அந்தக் குறின்னா "இனிமே விடை வரும்"னு தான் அர்த்தம், 3 + 5 = 8 + 2 = 10ன்னு ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கிட்டே போறாங்க. 3 + 5 எப்படிம்மா 10 ஆகும்? இந்த ஒரு பழக்கத்தை 6ஆம் வகுப்புலயே நிறுத்திட்டா அல்ஜீப்ராவுல பாதி சண்டை வராது.

*குரூப் 4க்குப் படிக்கிறேன் மேடம். வயசுக் கணக்கு வந்தாலே ஸ்கிப் பண்ணிடுறேன். "தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு, 5 ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்கு"ங்கிற மாதிரி கேள்விக்கு ஷார்ட்கட் உண்டா?*
*– ஒரு வாசகர், விருதுநகர்*

ஸ்கிப் பண்ணாதீங்க தம்பி, 200 கேள்வியில 25 கணக்கும் ரீசனிங்கும் தான், கட்ஆஃப் ஏறிக் கிடக்கிற பரீட்சையில அந்த 25 தான் ஆளைத் தூக்கும். ஆனா 3 மணி நேரத்துல 200 கேள்வின்னா ஒரு கேள்விக்கு 54 செகண்ட், அதனால உங்க ஷார்ட்கட் ஆசையும் புரியுது.

முதல்ல ஒழுங்கான வழி. மகன் இப்போ த, அப்பா 4த. அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு பேருக்கும் அஞ்சு ஏறும், இதுல தான் பாதிப் பேர் விழறாங்க, அப்பாவுக்கு மட்டும் ஏத்திட்டு மகனை அதே வயசுல நிறுத்திடுறாங்க.

4த + 5 = 3(த + 5)

அடைப்புக்குறி முக்கியம், அதை விட்டுட்டு 3த + 5ன்னு எழுதினா த = 0ன்னு வரும், பிறக்கவே இல்லாத மகன். சரியா விரிச்சா 4த + 5 = 3த + 15, த = 10, அப்பாவுக்கு 40. அஞ்சு வருஷம் கழிச்சு 15, 45, மூணு மடங்கு, சரி.

இப்ப நீங்க கேட்டது. ரெண்டு பேர் வயசு வித்தியாசம் ஆயுசுக்கும் மாறாது. இன்னைக்கு 4 மடங்குன்னா வித்தியாசம் மகன் வயசுல 3 மடங்கு. அப்புறம் 3 மடங்குன்னா வித்தியாசம் அப்போதைய மகன் வயசுல 2 மடங்கு. அப்போ இன்னைய வயசு 3 மடங்கு = அஞ்சு வருஷம் கழிச்ச வயசு 2 மடங்கு, இன்னைக்கு 2 பங்கு, அப்புறம் 3 பங்கு, நடுவுல ஏறின ஒரு பங்கு தான் 5 வருஷம், இன்னைக்கு 10. பழகிட்டா மனசுலயே வந்துடும். இன்னும் அவசரம்னா ஆப்ஷனை வச்சுப் பாருங்க, 8, 10, 12, 15ன்னு இருந்தா 8க்கு அப்பா 32, பிறகு 13, 37, ஆகாது, அடுத்து 10, ஆச்சு. கொள்குறி வகைப் பரீட்சையில இது ஏமாத்து வேலை இல்ல, அது குடுக்கிற வசதி. நெகட்டிவ் மார்க்கும் கிடையாது, எதையும் காலியா விடாதீங்க.

*எங்க தாத்தா ஒரு கணக்கு சொல்வார். மரத்துல இருந்த கிளிங்களைப் பாத்து ஒரு கிளி "நீங்க நூறு பேரா?"ன்னு கேட்டுதாம். "நாங்களும், எங்க அளவு இன்னொரு கூட்டமும், எங்கள்ல பாதியும், பாதியில பாதியும், உன்னையும் சேத்தா நூறு"ன்னு பதில் வந்துதாம். தாத்தா பள்ளிக்கூடமே போனதில்ல, எக்ஸும் தெரியாது, ஆனா 36ன்னு சொல்லுவார். எப்படி?*
*– ஒரு வாசகி, புதுக்கோட்டை*

இந்த லெட்டரைப் படிச்சு ரொம்ப சந்தோஷப்பட்டேன். நம்ம வழியில போட்டா த + த + த/2 + த/4 + 1 = 100, நாலால பெருக்கி 11த = 396, த = 36. தாத்தா எப்படிப் போட்டிருப்பார்னு என் ஊகம் சொல்றேன். கேக்கிற கிளியை முதல்ல ஒதுக்கிடணும், மிச்சம் 99. இப்ப கிளிங்க 4ன்னு சும்மா வச்சுக்குவோம், பாதியும் பாதியில பாதியும் முழுசா வரணும்ல, அதுக்கு 4 வசதி. 4, 4, 2, 1, மொத்தம் 11. நமக்கு வேண்டியது 99, ஒம்போது மடங்கு. அப்போ 4ஐயும் ஒம்போது மடங்காக்கு, 36. முடிஞ்சுது!

இது லேசுப்பட்ட வழி இல்லைங்க. எகிப்துல கிமு 1550 வாக்குல ஆமெஸ்னு ஒரு எழுத்தர் பாப்பிரஸ் சுருள்ல எழுதி வச்ச கணக்கெல்லாம் இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அதுல ஒண்ணு, ஒரு அளவும் அதோட ஏழுல ஒரு பங்கும் சேந்தா 19, அந்த அளவு என்ன? அவரும் 7ன்னு வச்சு ஆரம்பிக்கிறார், 7ம் 1ம் 8, 19ஐ 8ஆல வகுத்து வந்ததை ஏழால பெருக்கி 16 முழுசும் எட்டுல அஞ்சு பங்கும்னு முடிக்கிறார். நம்ம பாஸ்கரர் 1150ல எழுதின லீலாவதியிலயும் இது உண்டு, இஷ்டகர்மம்னு பேரு, இஷ்டப்பட்ட எண்ணை வச்சுத் தொடங்கறது. எக்ஸ் பொறக்கிறதுக்கு எவ்வளவோ முன்னாடி ஜனங்க கணக்கு போட்டுட்டு தான் இருந்திருக்காங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. அந்தக் கேட்ட கிளியை ஒதுக்காம 4, 4, 2, 1, 1ன்னு 12 ஆக்கி, நூறை 12ஆல வகுத்தா ஒண்ணும் வராது. எல்லாமே த வோட மடங்காவோ பங்காவோ இருக்கிற வரைக்கும் தான் இந்த வழி செல்லும். தனியா நிக்கிற எண் எதுவும் இருந்தா முதல்ல அதைக் கழட்டி விடணும், தாத்தா அதைச் சரியா பண்ணியிருக்கார். இருக்காரா? இருந்தா என் வணக்கத்தைச் சொல்லுங்க.

*பேனாவும் பென்சிலும் சேந்து 11 ரூபா, பேனா பென்சிலை விட 10 ரூபா கூட. பென்சில் 1 ரூபா தானே?*
*– ஒரு வாசகர், ஓசூர்*

இல்ல. 1 ரூபான்னா பேனா 11 ஆகணும், மொத்தம் 12 ஆயிடும். 2த + 10 = 11, பென்சில் 50 காசு, பேனா பத்தரை ரூபா.

*என் பொண்ணோட டியூஷன் டெஸ்ட்ல "அடுத்தடுத்த இரு ஒற்றைப்படை எண்களின் கூடுதல் 46 எனில் எண்கள் யாவை?"ன்னு கேட்டிருந்தாங்க. த, த + 2ன்னு வச்சு 22, 24ன்னு போட்டா முழு மார்க் போட்டுட்டாங்க. 22 ஒற்றைப்படையா?*
*– ஒரு அப்பா, ஈரோடு*

நல்லா கேட்டீங்க, பொண்ணை விட நீங்க கவனமா படிச்சிருக்கீங்க. சமன்பாட்டுல ஒரு பிழையும் இல்ல, த + த + 2 = 46, த = 22, எல்லாம் ஒழுங்கு. கேள்வி தான் கோளாறு. அப்படி ரெண்டு எண் கிடையவே கிடையாது, அடுத்தடுத்த ரெண்டு ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினா எப்பவும் 4ஆல வகுபடும், 1 + 3 = 4, 3 + 5 = 8, 5 + 7 = 12, 46 வகுபடாது. சமன்பாட்டுக்கு ஒற்றைப்படைன்னா என்னன்னு தெரியாதுங்க, அது நாம எழுதினதைத் தான் தீக்கும், எழுதாம விட்டதைப் பத்தி அதுக்குக் கவலை இல்ல. அதனால தான் சரிபாக்கிறப்போ விடையைச் சமன்பாட்டுல போட்டுப் பாக்காம, கேள்வியைத் திரும்பப் படிச்சு அதுல போட்டுப் பாக்கச் சொல்றேன். "விடை இல்லை, காரணம் இது"ன்னு எழுதற பிள்ளைக்குத் தான் முழு மார்க் குடுத்திருக்கணும். டியூஷன்ல போய் சண்டை போடாதீங்க, மெதுவா காட்டுங்க.

*இருபதுலருந்து ஒரு எண்ணைக் கழிக்கிறது, ஒரு எண்ணுலருந்து இருபதைக் கழிக்கிறது, ரெண்டும் எனக்கு ஒண்ணாவே படுது.*
*– 7ஆம் வகுப்பு மாணவன், காரைக்கால்*

ரெண்டையும் போட்டே காட்டறேன். "20லிருந்து ஒரு எண்ணைக் கழித்தால் அந்த எண்ணின் 3 மடங்கு", 20 − த = 3த, த = 5. அதையே திருப்பி, "ஒரு எண்ணிலிருந்து 20ஐக் கழித்தால் அந்த எண்ணின் 3 மடங்கு", த − 20 = 3த, த = −10. மைனஸ் வந்துடுச்சேன்னு அழிக்காத, −10லருந்து 20 போனா −30, அது −10ஓட மூணு மடங்கு தானே. "லிருந்து" எந்த எண்ணோட ஒட்டிட்டு நிக்குதோ அது முதல்ல வரும். அதுக்குக் கீழ ஒரு கோடு போட்டுட்டு அப்புறமா எழுது.

*ஈரிலக்க எண், இலக்கங்களின் கூடுதல் 9, இலக்கங்களை இடம் மாற்றினால் 27 அதிகமாகிறது. த, ந ன்னு ரெண்டு வச்சு, எண்ணை "தந"ன்னு எழுதினேன். அப்புறம் எங்கயோ போயிடுச்சு.*
*– 9ஆம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்*

"தந"ன்னு எழுதினா அல்ஜீப்ராவுல த வையும் ந வையும் பெருக்கறதா ஆயிடும். 36ன்னா 3ஐயும் 6ஐயும் பெருக்கினதா? இல்ல, மூணு பத்தும் ஆறு ஒண்ணும். அப்போ எண் 10த + ந, திருப்பினா 10ந + த. வித்தியாசம் 9ந − 9த = 27, ந − த = 3, கூடுதல் 9, ந = 6, த = 3. எண் 36, திருப்பினா 63, சரி.

இதுல ஒரு போனஸ், இலக்கம் ரெண்டை இடம் மாத்தினா வித்தியாசம் எப்பவும் 9ஆல வகுபடும். கடையில கணக்கு எழுதறவங்களுக்கு இது தெரியும், ராத்திரி டேலி ஆகாம 27, 45ன்னு இடிச்சா முதல்ல 36ஐ 63ன்னு எங்கயாவது மாத்தி எழுதியிருக்கோமான்னு தேடுவாங்க. உங்க அப்பா கடை வச்சிருந்தா கேட்டுப் பாரு.

*மூணு கோயில், ஒவ்வொரு கோயிலுக்கும் முன்னாடி ஒரு குளம். குளத்துல முக்கினா பூ ரெண்டு மடங்காகும். மூணு கோயில்லயும் ஒரே அளவு பூ போட்டு, கடைசியில கை காலி. எவ்வளவு பூ கொண்டு போனார்? இதுக்கு ஒரு எக்ஸ் பத்தல.*
*– ஒரு வாசகி, பாளையங்கோட்டை*

பத்தாது தான், தெரியாதது ரெண்டு, கொண்டு போனது த, ஒவ்வொரு கோயில்லயும் போட்டது ந. முதல் கோயில் முடிஞ்சதும் 2த − ந, ரெண்டாவதுல 4த − 3ந, மூணாவதுல 8த − 7ந, அது பூஜ்யம். 8த = 7ந. ரெண்டு தெரியாததுக்கு ஒரே சமன்பாடு, அதனால விடை ஒண்ணோட நிக்காது. பூவைப் பிய்க்க முடியாது, முழு எண் தான் வேணும், அந்த நிபந்தனை நமக்கு உதவுது. சின்ன விடை 7 பூ கொண்டு போய் எட்டெட்டா போட்டார். 14 கொண்டு போய் பதினாறு பதினாறா போட்டாலும் சரி தான், பக்தி ஜாஸ்தி.

*சின்ன ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 1180 ரூபா பில் வந்துது. அசல் விலை பாக்க 1180ல 18 சதவீதம் கழிச்சேன், 967 ரூபா 60 காசு வருது, ஆடிட்டர் 1000ங்கிறார். யார் சொல்றது சரி?*
*– ஒரு வாசகர், சேலம்*

ஆடிட்டர் தாங்க. வரி போட்டது 1180 மேல இல்ல, நமக்குத் தெரியாத அந்த அசல் விலை மேல. அது த ன்னா த + 0.18த = 1180, அதாவது 1.18த = 1180, த = 1000. கழிக்கக் கூடாது, 1.18ஆல வகுக்கணும். உங்க வழியில போனா ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 32 ரூபா 40 காசு விலையைக் குறைச்சு எழுதிட்டு இருப்பீங்க, பழைய பில்லையும் ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க. 5 சதவீதப் பொருளுக்கு 1.05ஆல வகுங்க.